மயில்வாகனனார் விபுலாநந்த அடிகளான வரலாறு

கிழக்கிலங்கைக் கடற்கரையிலே, சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் நடுவே அமைந்துள்ளது காரைதீவு என்னும் ஊர். அங்கிருந்து மேற்கே சம்மாந்துறைக்குச் செல்லும் வீதியில் வயல்வெளியைக் கடந்தால் எமது மாவடிப்பள்ளி வந்துவிடும். மாரிகாலத்தில் வெள்ளம் பரந்து கிடக்கும் அவ்வயல்வெளியே இரண்டு ஊர்களுக்கும் எல்லை. இரண்டு ஊர்களுக்கும் சோறிடுவதும் அதுவே. எமது அயலூர் பெற்றெடுத்த ஒருவர் தமிழுலகம் முழுவதற்கும் உரியவராய் உயர்ந்த வரலாற்றை இந்துக் கல்லூரியின் இவ்விழாமலரில் எழுத முற்படுகின்றோம். இந்துக் கல்லூரியொன்றின் அதிபராக ஒருகாலத்தில் விளங்கியவர் என்ற உரிமையும் அப்பெரியாருக்கு உண்டு.

சுவாமி விபுலாநந்தர் என்றவுடன் காவியுடுத்த துறவியின் தோற்றமே நம் மனக்கண்முன் நிற்கிறது. அத்தோற்றத்துக்குப் பின்னே எத்தனை தொழில்கள் மறைந்து கிடக்கின்றன என்பதை நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பாடசாலை ஆசிரியர், இரசாயனம் கற்பித்தவர், கல்லூரி அதிபர், துறவி, பத்திராசிரியர், பாடசாலைகளின் முகாமையாளர், பல்கலைக்கழகப் பேராசிரியர், இசையாராய்ச்சியாளர் என அவர் ஏற்ற கோலங்கள் பல. ஐம்பத்தைந்து ஆண்டு வாழ்விலே ஒருவர் இத்தனை முறை தம்மைப் புதுப்பித்துக்கொண்டதைக் காணும்போது ஐயமொன்றும் எழுகின்றது. ஓரிடத்தில் நிலைத்திருந்தால் இன்னும் பெரியன செய்திருப்பாரல்லரோ என்று வினவுவோர் இன்றும் உளர். அவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஊரும் குடும்பமும்

அடிகளார் 1892 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 27 ஆம் நாள் காரைதீவிலே பிறந்தார். தந்தையார் சாமித்தம்பி, தாயார் கண்ணம்மையார். மயில்வாகனன் என்பது அவர்க்கு வழங்கிய இளமைப்பெயர். உடன்பிறந்த சகோதரியர் இருவர்.

காரைதீவில் கண்ணகியம்மன் கோயில் உண்டு. வைகாசித் திங்களிலே அங்கு திருக்குளிர்த்தி நிகழும். மட்டக்களப்பு நாட்டுக் கண்ணகி கோயில்களிலே கண்ணகியின் வழக்குரை பாடப்படுவது நெடுங்கால வழக்கு. ஏட்டிலே சிலப்பதிகாரத்தைக் காணுமுன்னரே காதினாற் கண்ணகியின் கதையை அறிந்த ஊரிலே அவர் வளர்ந்தார் என்பதை நாம் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். பிற்காலத்தில் அவருடைய பேராராய்ச்சிக்கு நிலைக்களனாய் அமைந்தது அச்சிலப்பதிகாரமே.

இப்பகுதியின் குடும்ப அமைப்பையும் பிறநாட்டு வாசகர் அறிதல் நன்று. எங்கள் கரையோரத்திலே தமிழர் முஸ்லிம்கள் என்ற வேறுபாடின்றிப் பெண்மக்களுக்கே வீடும் வளவும் சீதனமாகச் செல்லும். மணமகன் மனைவியின் வீட்டிற் சென்று வாழ்வான். ஆகவே பெண்மக்கள் பிறந்த வீட்டில் தந்தைக்கு எவ்வளவு பொறுப்போ, ஏறக்குறைய அவ்வளவு பொறுப்பு ஆண்மக்களுக்கும் உண்டு. சகோதரிக்கு வீடு கட்டி முடிக்கும்வரை தம் திருமணத்தைத் தள்ளிப்போடும் இளைஞரை இன்றும் எங்கள் ஊர்களிலே காணலாம். கற்றுத் தேறி உத்தியோகம் பெற்ற மகனொருவன் துறவு பூணுவது இத்தகைய சமூகத்திலே எத்துணைப் பெரிய செய்தி என்பதை இதனால் உணரலாம்.

கற்றலும் கற்பித்தலும்

இளமைக் கல்வியை ஊரிலே பெற்ற மயில்வாகனனார் ஆங்கிலம் கற்கக் கல்முனை மெதடிஸ்த பாடசாலைக்குச் சென்றார். அங்கிருந்து மட்டக்களப்பிலே இயேசு சபையினர் நடத்திய புனித மைக்கேல் கல்லூரியை அடைந்தார். பதினாறாம் வயதிலே கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் தேறினார். தாம் கற்ற கல்லூரியிலேயே ஆசிரியருமானார். 1911 இல் கொழும்பு அரசினர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிற் சேர்ந்து, 1912 இல் பயிற்சிபெற்ற ஆசிரியராய் வெளிவந்தார்.

இவ்விடத்திலே சற்றுத் தாமதிக்க விரும்புகின்றோம். இம்மலரைப் படிக்கும் ஆசிரியர் பலரும், இதனை எழுதும் நாமும், பயிற்றப்பட்ட ஆசிரியர் என்னும் தராதரப் பத்திரத்தைப் பெற்றவர்களே. அப்பத்திரம் கிடைத்தவுடன் கற்கவேண்டியன முடிந்தன, இனிக் கற்பிக்கவேண்டியனவே எஞ்சின என்று எண்ணும் மயக்கம் நம் தொழிலிலே மலிந்தது. மயில்வாகனனார்க்கோ அது தொடக்கமாயிற்று. கொழும்பில் இருந்த காலத்திலேயே தென்கோவை கந்தையாபிள்ளையவர்களை அடுத்துத் தமிழிலக்கியம் பயின்றார். மீண்டும் மட்டக்களப்பிலே சில ஆண்டுகள் கற்பித்தபின், 1915 இல் கொழும்பு அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியில் மாணவராய் அமர்ந்தார். 1916 இல் விஞ்ஞான டிப்ளோமா பெற்றார். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தாரின் பண்டிதர் பரீட்சையிலும் தேறினார். இலங்கையிலிருந்து அப்பரீட்சையில் தேறிய முதல்வர் அவரே என்பர்.

ஒரே ஆண்டிலே ஒருகையில் விஞ்ஞானப் பத்திரமும் மறுகையிற் பண்டிதர் பட்டமும் ஏந்தி நின்ற இளைஞரை எண்ணிப் பாருங்கள். விஞ்ஞானம் ஆங்கிலத்துக்கு உரியது, இலக்கியம் தமிழுக்கு உரியது என்று கற்றோர் வேலியிட்டிருந்த காலம் அது. தமிழ்ப் பண்டிதர் ஆங்கிலம் அறியார்; ஆங்கிலம் கற்றோர் தமிழைப் பொருட்படுத்தார். அவ்வேலியின் இருபுறத்திலும் அவர் காலூன்றி நின்றார். இன்று பதினொராம் வகுப்பு முடித்த மாணவர் கலைப்பிரிவு, விஞ்ஞானப்பிரிவு எனப் பிரிந்து சென்று, அதன்பின் ஒருவர் நூலை மற்றவர் திறந்தும் பாராதிருப்பதைக் காணும்போது அவ்விளைஞரின் நினைவு நமக்கு அடிக்கடி வருகின்றது.

1917 இல் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியரானார். அங்கிருந்தவாறே இலண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்ஸி. பரீட்சைக்குப் படித்துத் தேறினார். 1920 இல் மானிப்பாய் இந்துக் கல்லூரி அவரைத் தன் அதிபராக ஏற்றது. அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டே. யாழ்ப்பாணத்து அறிஞருடன் கூடி 1921 இல் ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கத்தைத் தோற்றுவிப்பதிலும் முன்னின்றார். ஈழத்து மாணவர் கடல்கடவாமலே பிரவேச, பால, பண்டித பரீட்சைகளை எழுத அச்சங்கம் வழிசெய்தது. தாம் ஏறிவந்த ஏணியை அடுத்தவர்க்கும் நிறுத்திவைத்த செயல் அது.

துறவு

பட்டம், பதவி, ஊதியம், மதிப்பு எல்லாம் ஒருங்கே கைகூடிய நிலையிலே, ஒருவர் என்ன செய்வார்? மணம் முடித்து வீடமைத்து வாழ்வார். அதுவே உலகியல். சுற்றத்தார் எதிர்பார்த்ததும் அதுவேயாதல் வேண்டும். மயில்வாகனனாரோ 1922 ஆம் ஆண்டு அதிபர் பதவியைத் துறந்து சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தை அடைந்தார்.

இது ஒருநாளில் எழுந்த வேகமன்று. சென்னை மடத்தின் தலைவராய் விளங்கிய சுவாமி சர்வானந்தர் 1917 அளவிலே இலங்கைக்கு வந்தபோது இவருக்கு அவரது தொடர்பு ஏற்பட்டது. அதன்பின் ஐந்தாண்டுகள் கற்பித்தலும் கற்றலுமாய்க் கழிந்தன. உள்ளத்தில் விழுந்த வித்து முளைக்க அத்துணைக் காலம் சென்றது. உத்தியோகம் கிடைக்காமல் உலகை வெறுத்தவரல்லர் அவர். கிடைத்த அனைத்தையும் நன்கு நடத்திக்காட்டியபின் கையளித்துச் சென்றவர்.

மடத்திலே பிரமசாரியாகி, பிரபோதசைதன்யர் என்னும் பெயர் பெற்றார். பட்டதாரியும் பண்டிதருமாய் இருந்தவர் மீண்டும் மாணவராய் அமர்ந்தார். மடத்தின் தமிழ்த் திங்களிதழாகிய இராமகிருஷ்ண விஜயத்திலும் ஆங்கில இதழாகிய வேதாந்த கேசரியிலும் அவருடைய எழுத்துப்பணி நடந்தது. 1924 ஆம் ஆண்டு சித்திரைப் பௌர்ணமியன்று, ஸ்ரீ இராமகிருஷ்ணரின் நேர்ச்சீடரும் அக்காலத்தில் மடத்தின் தலைவருமாகிய சுவாமி சிவானந்தர் அவருக்குச் சந்நியாசம் அளித்தார். அன்றிலிருந்து அவர் சுவாமி விபுலாநந்தர்.

மூன்று பெயர்களிலே மூன்று வாழ்வு என்று இதனைக் கொள்ளலாம். எனினும் பெயர் மாறும்போதெல்லாம் மாறாத தொழில் ஒன்று உண்டு. அது ஆசிரியத் தொழில். காவியுடை அதனைக் களைந்துவிடவில்லை. சம்பளத்தை மட்டுமே களைந்தது.

பள்ளிகளும் பல்கலைக்கழகமும்

1925 இல் அடிகளார் இலங்கைக்கு மீண்டார். கிழக்கிலும் வடக்கிலும் இராமகிருஷ்ண சங்கத்தின் பாடசாலைகளை நடத்தும் பொறுப்பை ஏற்றார். திருகோணமலை இந்துக் கல்லூரியும், யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணை வைத்தீசுவர வித்தியாலயமும் அவரது மேற்பார்வையில் வளர்ந்தன. மட்டக்களப்பு நகரை அடுத்த கல்லடி உப்போடையிலே 1929 இல் சிவானந்த வித்தியாலயம் திறக்கப்பெற்றது. தமக்குத் துறவளித்த குருவின் பெயரையே அதற்கு இட்டார். அதனை அடுத்து ஆதரவற்ற சிறுவர்க்கு விடுதியும் அமைந்தது. தம் பிறந்த ஊரிலே பெண்பிள்ளைகளுக்காகச் சாரதா வித்தியாலயம் தோன்றவும் அவரே காரணராயினார்.

தமக்கென மனைவி மக்களைக் கொள்ளாத ஒருவர், தந்தையற்ற சிறுவர்க்குச் சோறும் கல்வியும் தேடி அலைந்தார் என்பதை நாம் ஊன்றி நோக்கவேண்டும். ஒரு வீட்டுக்கு அளிக்கவேண்டிய பொறுப்பை அவர் உதறினார் என்று கூறுவோர் உளராயின், அப்பொறுப்பு எத்தனை வீடுகளுக்குப் பரந்தது என்பதையும் அவர்கள் எண்ணுதல் தகும். எனினும், அவரைப் பெற்றோர் தம் மகனைத் துறவியாகக் கண்டபோது அடைந்திருக்கக்கூடிய துயரை இவ்விளக்கம் முற்றும் துடைத்துவிடும் என்று நாம் கூறத் துணியோம். பெரியோர் வரலாற்றை எழுதுவோர் அவர்தம் வீட்டார் செலுத்திய விலையை மறந்துவிடுதல் வழக்கம், அது முறையாகாது.

1931 இல் சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அடிகளாரைத் தமிழ்ப் பேராசிரியராய் அழைத்தது. அப்பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் என்னும் சிறப்பு ஈழத்தவர் ஒருவர்க்குக் கிடைத்தது. பாரதியார் மறைந்து பத்தாண்டுகளே கழிந்திருந்தன. பண்டிதர் பலர் அப்புலவரை மதியாதிருந்த காலத்திலே, அவர்தம் பாடல்களைப் பல்கலைக்கழக மாணவரிடையே பரப்பியவர் இப்பண்டிதத் துறவி. அயலிலிருந்த தாழ்த்தப்பட்ட மக்களின் சேரிகளுக்குச் சென்று பிள்ளைகளுக்குக் கல்வி கற்பிக்கவும் அவர் தயங்கவில்லை.

இரண்டாண்டளவில், 1933 இல், அப்பதவியை விட்டு மீண்டும் ஈழத்துப் பாடசாலைகளின் பணிக்கு வந்தார். 1936 இல் சென்னையிலே விஞ்ஞான நூல்களுக்குத் தமிழ்ச் சொற்கள் ஆக்கக்கூடிய மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். இரசாயனத்தையும் இலக்கணத்தையும் ஒருங்கு கற்றவர் அவ்விருக்கைக்கு எத்துணைப் பொருத்தமானவர் என்பதை விரிக்கவேண்டுவதில்லை. அம்முயற்சியின் பயனாகக் கலைச்சொற்றொகுதி 1938 இல் வெளிவந்தது. 1939 முதல் 1941 வரை இமயமலைச் சாரலிலுள்ள மாயாவதி ஆச்சிரமத்தில் தங்கி, பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கில இதழின் ஆசிரியராய் இருந்தார். 1943 இல், முந்திய ஆண்டிலே நிறுவப்பெற்ற இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார்.

யாழ்நூல்

இத்தனை இடமாற்றங்களுக்கும் இடையே ஒரு பணி அறாது நடந்துவந்தது. அதுவே யாழைப் பற்றிய ஆராய்ச்சி. பழந்தமிழர் போற்றிய யாழ் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே வழக்கொழிந்து, வீணை அதன் இடத்தைப் பெற்றிருந்தது. சிலப்பதிகார அரங்கேற்று காதையிலே யாழின் அமைப்பும் அதன் நரம்புகளை இயக்கும் முறையும் கூறப்பட்டிருந்தும், அவற்றின் பொருள் தெளிவாக விளங்கவில்லை. இலக்கியம் வல்லார்க்கு இசைக்கணக்குத் தெரியவில்லை. இசை வல்லார்க்குப் பழந்தமிழ் எட்டவில்லை.

அடிகளார் அதனை எவ்வாறு அணுகினார் என்பதை மாணவர்க்காகச் சிறிது விளக்குவோம். இறுகக் கட்டிய நரம்பொன்றின் நீளத்தைச் சரிபாதியாக்கி மீட்டினால், முதலில் ஒலித்த இசையே மேலிடத்தில் ஒலிக்கும். மூன்றில் இரண்டு பங்காக்கினால் அதற்கு ஐந்தாவது இசை பிறக்கும். நான்கில் மூன்று பங்காக்கினால் நான்காவது இசை பிறக்கும். பௌதிகக் கூடத்திலே ஒலியியல் கற்றோர் அறிந்த செய்தி இது. பழந்தமிழர் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழு நரம்புகளைக் கொண்டனர். அவற்றிலே ஐந்தாவது இளி; நான்காவது உழை. ஏழு நரம்புக்கும் முறையே நான்கு, நான்கு, மூன்று, இரண்டு, நான்கு, மூன்று, இரண்டு என இருபத்திரண்டு அலகுகளை வகுத்தனர். ஏழனுள் ஒவ்வொன்றையும் குரலாகக் கொண்டு மாற்றி நிறுத்த, ஏழு பாலைகள் பிறக்கும்.

உரையாசிரியர் சொற்களிலே பொதிந்து கிடந்த இவ்வமைப்பைக் கணித வாய்பாடாக்கி, நரம்பின் நீளத்தை எண்ணால் அளந்து காட்டினார் அடிகளார். வில்யாழ், பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் முதலியவற்றின் உருவத்தையும் இலக்கியச் சான்றுகொண்டு வகுத்தார். பாயிரவியல், யாழுறுப்பியல், இசைநரம்பியல், பாலைத்திரிபியல், பண்ணியல், தேவாரவியல், ஒழிபியல் என ஏழு இயல்களில் அமைந்தது அந்நூல். பதினான்கு ஆண்டு உழைப்பின் பயன் அது.

கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வெளியீடாக வந்த யாழ்நூல், சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலிலே 1947 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 5 ஆம், 6 ஆம் நாள்களில் அரங்கேறியது. திருஞானசம்பந்தர் பாடிய தலம் அது. அவரோடு யாழ்கொண்டு உடன்சென்றவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர் என்பதை வாசகர் அறிவர். அடிகளார் கணக்கின்படி செய்யப்பெற்ற யாழ்கள் அந்நாளிலே மீட்டப்பெற்றன. பல நூறாண்டு வாய்மூடிக் கிடந்த கருவி மீண்டும் வாய்திறந்தது.

உடல்நலம் மிகவும் குன்றிய நிலையிலேயே அடிகளார் அவ்விழாவிற் கலந்துகொண்டார். ஆறு வாரங்கள் கழிந்து, 1947 ஆம் ஆண்டு ஜூலை மாதம் 19 ஆம் நாள் கொழும்பிலே இறைவனடி சேர்ந்தார். அவருடைய திருமேனி மட்டக்களப்புக்குக் கொணரப்பட்டுச் சிவானந்த வித்தியாலய வளவிலே அடக்கம் செய்யப்பெற்றது. இறைவன் விரும்பும் மலர் எதுவென்று கூறும் அவருடைய பாடல் அச்சமாதியிலே பொறிக்கப்பட்டுள்ளது.

நாம் கொள்ளவேண்டியது

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இனி விடை கூறலாம். அடிகளார் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலேயே நிலைத்திருந்தால் யாழ்நூல் சில ஆண்டுகள் முந்தி வெளிவந்திருக்கலாம். அதனைத் தொடர்ந்து வேறு நூல்களும் தோன்றியிருக்கலாம். நூல் அரங்கேறிய பின் அவர் நெடுங்காலம் வாழாமற் போனதும் தமிழுக்குப் பேரிழப்பே. இவற்றை மறுப்பதற்கில்லை. ஆயினும் விஞ்ஞான ஆசிரியராய் இராதவர் அந்நூலை எழுதியிருக்க இயலாது. பண்டிதராய் இராதவராலும் இயலாது. கண்ணகி வழக்குரை ஒலிக்கும் ஊரிற் பிறவாத ஒருவர் அரங்கேற்று காதையின்மீது அத்துணைக் காதல் கொண்டிருப்பாரோ என்பதும் ஐயமே. கைவிட்டுச் சென்ற தொழில்கள் என்று நாம் எண்ணுபவை யாவும் அந்நூலின் ஏடுகளிலே மீண்டும் வந்து கூடியுள்ளன. ஆகவே அவர் வாழ்வு பல துண்டுகளாய்ச் சிதறியது என்று கூறுதல் பொருந்தாது. ஓர் ஆறு பல ஊர்களின் வாய்க்கால்களிலே பாய்ந்தபின்னும் கடலை அடைவதுபோல அது நிறைவெய்தியது.

பழைய மாணவர்களாகிய அன்பர் பலர் எழுதுவினைஞராய்த் தொடங்கி வியாபாரிகளாயினர். ஆசிரியராய்த் தொடங்கி விவசாயிகளாயினர். காலத்தின் கொடுமையால் ஊரும் நாடும் மாறியவரும் உளர். முன்னர் கற்றது வீணாயிற்று என்று அவர்கள் மனம் சோர்தல் வேண்டா. எங்கே எது பயன்படும் என்பதைக் கற்கும்போது நாம் அறிவதில்லை. மாணவர்க்கு நாம் கூறக்கூடியதும் இதுவே. பரீட்சைக்குரிய பாடங்கள் நான்கென்றால், அதற்குப் புறத்தே ஐந்தாவதாக ஒன்றை விருப்பத்தோடு பயிலுங்கள். விஞ்ஞானம் பயில்வோர் சிலப்பதிகாரத்தை ஒருமுறையேனும் முழுமையாகப் படியுங்கள். தமிழ் பயில்வோர் ஒரு நரம்பைக் கட்டி, அளவுகோல் கொண்டு அளந்து மீட்டிப் பாருங்கள்.

கல்முனை மெதடிஸ்தரிடமும் மட்டக்களப்புக் கத்தோலிக்கரிடமும் கற்று, மானிப்பாய் இந்துக்களுக்கு அதிபராகி, தமிழ் கற்ற அனைவர்க்கும் ஆசானானவர் எமது அயலூர் அடிகளார். கல்லடியிலே அவர் பெயரால் அழகியற் கற்கைகள் நிறுவகம் ஒன்று கிழக்குப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து நடைபெறுகின்றது. இசையும் நாடகமும் நடனமும் ஓவியமும் அங்கு பயிலப்படுகின்றன. காரைதீவிலும் கல்லடியிலும் சிலைகள் நிற்கின்றன. அவற்றுக்கு மாலை சூட்டுதல் நன்றே. எனினும், நேற்றுக் கற்றதோடு நின்றுவிடாமல் இன்றும் ஒரு பக்கம் புதிதாய்க் கற்கும் ஆசிரியரும் மாணவருமே அவருக்கு உகந்த மாலையாவர் என்று கூறி அமைகின்றோம்.